சிறிய அறக்கட்டளைகளும் நன்கொடையும்: எல்லையோர ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் (ஆந்திரத்துச் சித்தூர் அன்று), கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய சில ஊர்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பகமும் படுக்கையிலிருக்கும் முதியோருக்கு வீட்டுப் பராமரிப்பும் நடத்திவரும் ஒரு சிறிய அறக்கட்டளையின் கணக்கைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். புதிதாக அமைப்புத் தொடங்குபவர்கள் எருத்தேம்பதி, வடகரப்பதியிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்தும் வந்து கேட்ட கேள்விகளும் நான் சொன்ன விடைகளும் இங்கே இருக்கின்றன. வருமான வரி தொடர்பான பிரிவு எண்களையும் படிவ எண்களையும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே தந்திருக்கிறேன். நன்கொடையாளர்கள் வாயில் புழங்குவது அந்த எண்கள்தாம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு வருவதால், படிவம் நிரப்பும்போது புதிய எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குப் பெரிய மனிதர்கள் யாரையும் தெரியாது. முதலில் யாரிடம் கேட்பது?

தெரிந்தவர்களிடம்தான். தொடங்கும்போது எல்லோரும் கோவையில் ஒரு மில் முதலாளியையோ கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆறு மாதம் அந்த வாசலில் காத்திருந்து, அதற்குள் உள்ளூரில் கிடைத்திருக்கக்கூடிய பணத்தையும் விட்டுவிடுகிறார்கள். ஒரு நோட்டை எடுத்து, உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களின் பெயர்களை மட்டும் எழுதுங்கள். படிப்பகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாய், திண்ணையை வாடகையில்லாமல் விட்டுக்கொடுத்தவர், மெழுகுவத்தி கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரர், நோயாளியை ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எழுதத் தொடங்கினால் பட்டியல் எளிதில் அறுபதைத் தொடும். அவர்கள் ஆளுக்கு மாதம் 100 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 72,000 ரூபாய். அந்தத் தொகையில் ஒரு படிப்பகம் நடக்கும்.

கேரளத்தில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சாவற குரியாக்கோஸ் எலியாஸ் அச்சன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்காக, வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கச் சொன்னார்; அதைப் 'பிடியரி' என்றார்கள். தமிழ்நாட்டில் காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் தூண்டுதலால் நடந்த பிடியரிசித் திட்டமும் இதே வகைதான். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, சாந்த்வனப் பராமரிப்பு (தீராத நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் பராமரிப்பு) இயக்கம் மலப்புறத்து ஊர்களில் பரவியபோது, அதன் ஊர்க்குழுக்களைப் பெருமளவு தாங்கியவை கடைகளில் வைத்த பெட்டிகளும் உள்ளூர் மக்களின் சிறு தொகைகளும்தாம். கேரள அரசு அதற்கென்று கொள்கை வகுத்தது 2008இல், அந்தக் குழுக்கள் வேலை செய்து காட்டிய பிறகு. தொகை சிறியது, தருகிற நாள் நிலையானது, கொடுப்பவருக்கு வேலை கண்ணெதிரே தெரிகிறது என்ற மூன்றும் இவை எல்லாவற்றுக்கும் பொது.

நேரில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது?

இந்தப் பகுதியில் வசூலுக்கு மலையாளத்தில் 'பிரிவு' என்று பெயர். கட்சி, கிளப், கோயில் வேலை என்று பிரிவுக்காரர்கள் மாதம் நாலு முறை வாசலில் நிற்பதால், ரசீதுப் புத்தகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் ஒரு ஐம்பது ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவார். அந்த ஐம்பதை வாங்கிக்கொண்டு திரும்பினால் நீங்களும் பிரிவுக்காரர்தான். ஆகையால் முதல் முறை ரசீதுப் புத்தகம் பைக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அவருக்கு அறிமுகமானவராக இருக்க வேண்டும், மற்றவர் வேலை செய்பவராக இருக்க வேண்டும். வேலையைச் சொல்லி முடித்தபின், 'தங்களால் இயன்றதை' என்று விட்டுவிடாமல், தொகையையும் அது எதற்கு ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "படுக்கைப்புண் வந்த ஒருவருக்கு வாரத்துக்கு மூன்று முறை கட்டுப் போட வேண்டியிருக்கிறது, பஞ்சும் மருந்தும் மாதம் இவ்வளவு ஆகிறது, அதில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா?" கேட்டபின் பேசாமல் இருங்கள். பதில் வருமுன் நாமே தொகையைக் குறைத்துச் சொல்லிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை, நானும் செய்திருக்கிறேன்.

காலமும் முக்கியம். ஜூனில் பள்ளி திறக்கும் செலவு, அடுத்துக் கர்க்கடகத்து (ஆடி மாதத்து) மழை. அந்த இரண்டு மாதமும் கேட்காதீர்கள். எல்லையில் இருப்பதன் வசதி, நமக்கு இரண்டு போனஸ் காலம் உண்டு என்பது: கேரளத்தில் வேலை செய்பவருக்கு ஓணத்துக்கும், கோவை மில்லுக்குப் போய்வருபவருக்குத் தீபாவளிக்கும் கையில் பணம் இருக்கும். தென்னந்தோப்புக்காரருக்கு இரண்டுமே பொருட்டில்லை; தேங்காய் வெட்டு முடிந்து வியாபாரி பணம் கொடுத்த வாரம் எது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அறக்கட்டளையாகப் பதிவதா, சங்கமாகப் பதிவதா? எல்லையின் எந்தப் பக்கம்?

வேலை எங்கே நடக்கிறதோ அங்கே பதியுங்கள். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகும். பத்திரத்தில் செயல்படும் எல்லையை ஒரு மாவட்டமாகச் சுருக்கி எழுதினால் பின்னால் எல்லையைக் கடந்து ஒரு முகாம் நடத்தவும் தடுமாற வேண்டிவரும். சங்கம் என்றால் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். பாலக்காட்டில் பழைய மலபார்ப் பகுதிக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம். சித்தூர் வட்டமோ கொச்சி அரசின்கீழ் இருந்து திருவிதாங்கூர்-கொச்சிக்குள் வந்த பகுதியானதால் 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்துக்கு உட்பட்டது. பாலக்காட்டு நண்பரின் விதிமுறைப் பிரதியை அப்படியே படியெடுத்துக் கொடுத்து, சட்டத்தின் பெயர் தவறென்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. வருமான வரிப் பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றே. அதில் மாநில எல்லை கிடையாது.

80ஜி இல்லாமல் நன்கொடை வாங்கலாமா?

வாங்கலாம். 12ஏபி என்பது அமைப்பின் வருமானத்துக்கான வரிவிலக்கு. 80ஜி என்பது கொடுப்பவருக்கான வரிச் சலுகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பித்து, பின்னர் முறையான பதிவாக மாற்றிக்கொள்ள வேண்டும். காலாவதியாகும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

80ஜி பற்றி ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: கொடுத்ததில் பாதி திரும்பி வரும் என்று. உண்மைக் கணக்கு வேறு. பழைய வரிமுறையில் 20 சதவீத அடுக்கில் இருக்கும் ஒருவர் 10,000 ரூபாய் கொடுத்தால், அதில் பாதியான 5,000 ரூபாய் அவருடைய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அதனால் மிச்சமாகும் வரி 1,000 ரூபாய், கூடுதல் தீர்வையோடு 1,040 ரூபாய். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை. இதையெல்லாம் பணம் வாங்குமுன்பே சொல்லிவிடுங்கள். 'பாதி திரும்ப வரும்' என்று யாரோ சொல்லக் கேட்டுக் கொடுத்தவர் ஜூலையில் ஏமாந்து நின்றால், அவருடைய கோபம் வரிச் சட்டத்தின்மேல் வராது, நம்மேல்தான் வரும்.

ரசீதில் என்னென்ன இருக்க வேண்டும்? 10பிடி, 10பிஇ என்கிறார்களே, அவை என்ன?

ரசீதில் அமைப்பின் பெயர், முகவரி, பான் எண், பதிவு எண், தொடர் எண், தேதி, கொடுத்தவரின் முழுப் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் எண், தொகை எண்ணிலும் எழுத்திலும், பணம் வந்த வழி, எந்தக் காரியத்துக்கு என்பது ஆகியவை வேண்டும். கடைசி ஒன்றைப் பலர் வெற்றாக விடுகிறார்கள். அதை நிரப்பாத ரசீது, கொடுத்தவரின் நினைவில் ஒன்றும் நம் கணக்கில் வேறொன்றுமாகப் பிற்பாடு சண்டைக்கு வரும். அடிக்கட்டையிலும் அதே சொற்களை எழுதுங்கள்.

80ஜி பெற்ற அமைப்பு, நிதியாண்டில் வந்த நன்கொடைகளின் விவரத்தைப் படிவம் 10பிடி வழியாக மே 31க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியபின் ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற சான்று உருவாகும். கொடுத்தவர் தம் வரிக் கணக்கில் காட்ட வேண்டியது அந்தச் சான்றைத்தான். நம் அச்சு ரசீது போதாது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் அபராதமும் வரலாம். மார்ச்சில் வந்த பணத்துக்கு மே மாதம் ஆதார் எண் தேடி அலைந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அதன்பின் எண்ணை வாங்காமல் ரசீது கிழிப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

பெயர் தெரியாமல் உண்டியலில் விழும் பணத்துக்கும் வரம்பு இருக்கிறது. அறக்கட்டளைக்கு வரும் பெயரற்ற நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது கூடுதலோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி. கடையில் வைத்த பெட்டியை இரண்டு பேர் முன்னிலையில் திறந்து, எண்ணி, கடைக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாகலாம்.

துபாயில் வேலை செய்யும் ஊர்க்காரர் பணம் அனுப்புகிறேன் என்கிறார். வெளிநாட்டுப் பணம் ஆகுமா?

பாலக்காட்டில் இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பார்க்க வேண்டியது அவருடைய பாஸ்போர்ட்டை. வேலை செய்யும் நாட்டை அன்று. இந்தியக் குடிமகனாக இருக்கும் ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான 2010ஆம் ஆண்டு எஃப்சிஆர்ஏவின்கீழ் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இந்திய பாஸ்போர்ட்டையே வைத்திருப்பதால், அவர்களிடம் தயங்காமல் வாங்கலாம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் பிரதியை ரசீதின் அடிக்கட்டையோடு சேர்த்து வையுங்கள்.

அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. அவர் விடுமுறைக்கு வந்து கல்பாத்தித் தேரை முடித்துக்கொண்டு, உள்ளூர் ஏடிஎம்மில் எடுத்த ரூபாயை நம் கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ பதிவு பெறப் பொதுவாக அமைப்பு மூன்று ஆண்டு இயங்கி, அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கங்களுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் வந்து சேர வேண்டும்; நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டாத கொம்பு. "உங்கள் அன்புக்கு நன்றி, இந்தப் பணத்தை வாங்க எங்களுக்கு அனுமதியில்லை" என்று சொல்லிவிடுவதே நல்லது. 'அப்பா பெயரில் போட்டுவிடுகிறேன்' என்று அவரே வழி சொல்வார். அந்தக் குறுக்கு வழிக்கு உடன்படாதீர்கள்.

ஃபோனில் ஸ்கேன் செய்து அனுப்ப ஒரு கியூஆர் அட்டை வைக்கலாமா?

வையுங்கள், அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கோடு இணைந்ததாக மட்டும். எங்கள் தொடக்க காலத்தில் கணக்குத் திறக்கத் தாமதமானதால், அப்போதைய பொருளாளரின் சொந்த எண்ணையே படிப்பகச் சுவரில் ஒட்டிவிட்டோம். அவர் நேர்மையானவர், ஒரு பைசாவும் போகவில்லை. ஆனால் அவருடைய வீட்டு வாடகையும் மாட்டுத்தீவனக் கடன் வசூலும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிட, எது எவருடையது என்று பிரித்தெடுக்க இரண்டு வாரம் ராத்திரி உட்கார வேண்டியிருந்தது. ஊரில் ஒருவர் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டும்விட்டார். அவர் அடுத்த கூட்டத்தில் பொறுப்பை விட்டு விலகினார். அந்தக் குறை எங்களுடையது.

ஸ்கேன் செய்து வரும் பணத்தில் பெயர் மட்டும்தான் தெரியும். அன்றைக்கே ஃபோன் செய்து முகவரியும் ஆதார் எண்ணும் கேட்டுவிடுங்கள்; அதே அழைப்பில் நன்றியும் சொன்னதாகிவிடும்.

கடிதமும் செய்தியும் எந்த மொழியில் எழுதுவது?

இங்கே ஒரே வீட்டில் பாட்டி தமிழ் பேசுவார், எழுத்து வராது. மகன் தமிழ் படிப்பார். பேத்தி வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாளம் மட்டுமே படிப்பாள். பணம் கொடுப்பது மகனாக இருக்கலாம், 'கொடுடா' என்று சொன்னது பாட்டியாக இருக்கும். எனவே நன்கொடையாளர் பதிவேட்டில் பெயர், ஊர், தொகையோடு 'படிக்கும் மொழி' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். எழுத்து வராதவருக்கு ஒரு நிமிடத்துக்குள் முடியும் குரல்செய்தி அனுப்புகிறோம். அதைப் பேசுவது படிப்பகத்து ஆசிரியை, நான் அல்ல. என் குரலைக் கேட்டால் கணக்குக் கேட்பதுபோல் இருக்கிறதாம்.

தமிழில் எழுதியதை அப்படியே மலையாள எழுத்தில் போட்டுவிடாதீர்கள். நோயாளிக்குச் சாய்வுக்கட்டில் ஒன்று அவசரமாகத் தேவை என்று மலையாளத்தில் நாங்கள் அனுப்பிய முதல் வேண்டுகோளில் 'அவசரம்' என்றே எழுதிவிட்டோம். மலையாளத்தில் அதற்கு 'வாய்ப்பு' என்று பொருள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கட்டிலுக்கு என்ன வாய்ப்பு வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு கட்டிலையும் அவரே வாங்கிக் கொடுத்தார். மலையாளி நண்பர்களுக்கு நன்கொடை 'சம்பாவனை'. தமிழில் அதே சொல் புரோகிதருக்கும் வித்துவானுக்கும் தரும் பணத்தை நினைவூட்டும். இரு மொழிக் கடிதம் என்றால் இரண்டையும் அந்தந்த மொழியில் புழங்குபவரே எழுத வேண்டும், பின் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டு எண்களைச் சரிபார்க்க வேண்டும்.

பணம் வாங்கியபின் எத்தனை முறை எழுதுவது? என்ன எழுதுவது?

ரசீது 24 மணி நேரத்துக்குள். செலவானபின் ஒரு செய்தி. ஆண்டு முடிவில் ஒரு பக்கக் கணக்கு. எங்கள் அளவுக்கு இது போதும். நடுவில் தினமும் 'இனிய காலை வணக்கம்' படம் அனுப்பினால், நம் உண்மையான செய்தியும் அந்தக் குப்பையோடு போய்விடும். செலவானபின் அனுப்பும் செய்தியில் அடுத்த வேண்டுகோளை நுழைக்கக் கூடாது என்பதை மட்டும் நாங்கள் கறாராக வைத்திருக்கிறோம். 3,000 ரூபாய் தந்த ஓர் அம்மாவுக்கு அனுப்பியது இது:

"அன்புள்ள அம்மா, வணக்கம். சித்திரையில் தாங்கள் தந்த 3,000 ரூபாயில் படிப்பகத்துக்கு ஒரு மின்விசிறியும் இரண்டு டியூப்லைட்டும் வாங்கினோம். விசிறி 1,850, லைட் 640, மாட்டிய கூலி 400. மீதி 110 ரூபாய் சாக்பீஸ் செலவில் சேர்ந்தது. இருட்டியதும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது எட்டு மணி வரை இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் விசிறிக்கு நேர் கீழே யார் உட்காருவது என்று முறை வைத்திருக்கிறார்கள். கரண்ட் பில் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

'தங்களது மேலான ஆதரவினால் பல்வேறு நலத்திட்டங்கள் சிறப்புற நடைபெற்று வருகின்றன' என்ற வகை வாக்கியத்தை எவரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. அந்த 110 ரூபாயைத்தான் அவர் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் அந்த வீட்டிலிருந்து ஃபோன் வந்தது.

பணம் வாங்கிய காரியம் நடக்காமல் போனால்?

அவர் கேட்குமுன் நாமே சொல்ல வேண்டும். தையல் வகுப்புக்கென்று இரண்டு மெஷினுக்குப் பணம் வாங்கியிருந்தோம். சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டவர் திருப்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நாலு மாதம் இன்று நாளை என்று தள்ளிவிட்டு, பின் மூவருக்கும் நேரில் போய், பணம் வங்கியில் அப்படியே இருப்பதைப் பாஸ்புக்கில் காட்டி, வேறு காரியத்துக்குத் திருப்பலாமா அல்லது திருப்பித் தரவா என்று எழுத்தில் கேட்டோம். இருவர் படிப்பகத்துக்கு மாற்றச் சொன்னார்கள். ஒருவர் திருப்பிக் கேட்டார். கொடுத்தோம், ரசீதை ரத்துச் செய்து அடிக்கட்டையில் குறித்தோம். அந்த ஆண்டின் 10பிடியை ஏற்றுமுன் இது நடந்ததால் தப்பித்தோம்.

குழந்தைகள், நோயாளிகளின் படத்தைப் போட்டால்தான் பணம் வரும் என்கிறார்கள். சரியா?

வரும். ஆனால் போடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. மற்றவர்களுக்கும், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், ஒப்புதல் இல்லாமல் பெயரையும் படத்தையும் பரப்புவது விளையாட்டான காரியம் அன்று. சட்டத்தை விடுங்கள், நம் ஊர் சிறியது. கையில் தட்டோடு நின்ற படத்தில் இருக்கும் பெண் நாளை அதே தெருவில் கடை வைப்பாள். நாங்கள் கைகளையும் நோட்டுகளையும் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளையும் படமெடுக்கிறோம். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதைச் செருப்பே சொல்லிவிடும்.

பிரியாணி சேலஞ்ச், பரிசுக் கூப்பன் நடத்தலாமா?

பிரியாணி சேலஞ்ச் கேரளத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது: முன்பதிவு வாங்கி, ஒரே நாளில் சமைத்து, வீடுவீடாகப் பொட்டலம் சேர்த்து, மிஞ்சுவதைச் சிகிச்சைச் செலவுக்குக் கொடுப்பது. ஆள்பலம் இருந்தால் நல்ல வழிதான். 500 பொட்டலம் 100 ரூபாய் வீதம் விற்றால் வரவு 50,000. அரிசி, கோழி, விறகு, பொட்டல டப்பா என்று பொட்டலத்துக்கு 65 ரூபாய் ஆனால் மிஞ்சுவது 17,500. 'ஐம்பதாயிரம் திரட்டினோம்' என்று அறிவித்துவிட்டுப் பதினேழரையைக் கொடுத்தால் சந்தேகம் எழும். இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள். வாங்கியவருக்குப் பணத்துக்குப் பதில் பிரியாணி கிடைத்துவிட்டதால் அதற்கு 80ஜி ரசீது தரக் கூடாது.

பரிசுக் குலுக்கல் வேண்டாம். லாட்டரி நடத்தும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு. தனியார் நடத்துவது தண்டனைக்குரியது. எல்லாக் கிளப்பும் நடத்துகிறதே என்பது விடையாகாது.

ஜகாத் பணம் தருகிறார்கள். பொதுச் செலவில் சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது. இந்தப் பகுதியில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள் ரமலானில் மனமுவந்து கொடுப்பார்கள். ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு மார்க்கத்தில் வரையறை இருக்கிறது. ஆசிரியைச் சம்பளத்துக்கும் கட்டட வேலைக்கும் அதை எடுத்தால் கொடுத்தவரின் கடமை நிறைவேறாமல் போகலாம். 'இது கடமையான ஜகாத்தா, விருப்பக் கொடையான சதகாவா?' என்று வாங்கும்போதே கேட்டு, ஜகாத் என்றால் தனிப் பக்கத்தில் எழுதி, யாருக்குக் கொடுத்தோம் என்று அவருக்கு மட்டும் சொல்லிவிடுகிறோம். மூலநிதிக்கென்று (செலவழிக்காமல் முதலாக வைத்திருக்கும் நிதி) கொடுக்கிற பணத்துக்கும் தனிப் பக்கம்தான்; அதற்குக் கொடுப்பவரின் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம்?

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஒன்றையாவது எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைப் பெற்றுச் செய்ய விரும்பும் அறக்கட்டளைக்கு 12ஏபி, 80ஜி, மூன்றாண்டு அனுபவம், சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் தேவை. மூன்றாண்டுக் கணக்கைச் சுத்தமாக வைத்திருங்கள், பிறகு பார்க்கலாம்.

எங்கள் பணம் நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது என்கிறார்களே?

ஆடிட்டர் கட்டணம், ரசீதுப் புத்தகம், பஸ் காசு இல்லாமல் அமைப்பு இல்லை. மறைக்காமல் தனித் தலைப்பில் காட்டுங்கள். எங்களுக்கு ஆடிட்டர் கட்டணத்தை மட்டும் ஆண்டுதோறும் ஏற்றுக்கொள்ளும் ஒரு வியாபாரி இருக்கிறார். கணக்குச் சரியாக இல்லாவிட்டால் எதுவும் சரியாக இராது என்பது அவர் கட்சி. இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார், பெரும்பாலும் கடை வைத்திருப்பவராக.

வருடக்கணக்கில் தந்துவந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். திரும்பக் கேட்கலாமா?

கேட்குமுன் போய்ப் பாருங்கள், ரசீதுப் புத்தகம் இல்லாமல். தோப்பு வைத்திருந்த ஒரு குடும்பம் ஒவ்வொரு தேங்காய் வெட்டுக்கும் 500 ரூபாய் தந்துவந்தது. ஒரு கட்டத்தில் நின்றுபோனது. விலை விழுந்துவிட்டது போலும் என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டு ஓராண்டு சும்மா இருந்தோம். பிறகு போனபோது, அந்த வீட்டு அம்மா காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு ரசீதை எடுத்துக் காட்டினார். வீட்டுக்காரர் தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாங்களும் சாவுக்குப் போயிருந்தோம். அதன் பிறகும் அந்த அம்மா கொடுத்த பணத்துக்கெல்லாம் 'திரு.' என்று போட்டுக் கணவர் பெயரிலேயே ரசீது எழுதிக்கொண்டிருந்தோம், பதிவேட்டில் அந்தப் பெயர் இருந்ததால். "நான் குடுத்தது கண்ணு, அவிங்க பேருல எழுதறீங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவே பதிவேட்டில் பெயரை மாற்றினோம். அவரிடம் பான் அட்டை இல்லாததால் ஆதார் எண்ணை வாங்கிக்கொண்டோம். அடுத்த வெட்டுக்குப் பணம் வந்தபோது ரசீதை அவர் பெயரில் எழுதி, 'எந்தக் காரியத்துக்கு' என்ற வரியில் என்ன போடட்டும் என்று கேட்டேன். கணவர் நினைவாக என்று போடச் சொன்னார்.